பெல்லுக்கு வெச்ச பொட்டு

மேனேஜரு சாப்புடப் போயிருக்காருங்க தம்பி. இப்பத்தான் போனாரு. உடனே வரமாட்டாரு, சாப்புட்டுட்டு சித்த சாஞ்சிட்டுத்தான் வருவாரு. உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இப்பிடி வாங்க, என்ற பக்கத்துல உக்காருங்க.

இந்த முதியோர் ஹோம்ல யாரைச் சேக்கறதுக்கு வந்தீங்க? அம்மாவா? நடப்பாங்களா? பாத்ரூம் வரைக்குமா? போதுங்க. அதுக்கு மேல இங்க யாரும் எங்கயும் போறதில்லை.

அந்தப் புஸ்தகத்தை மடிச்சு வெய்யுங்க. கேட்டுல குடுத்தாங்களா? நல்லா வழுவழுன்னுதான் இருக்கும். பூச்செடி இருக்கும், ஒரு அம்மா சிரிச்சிட்டு இருக்கும். அந்தம்மா இங்க இருந்ததே இல்லீங்க. நான் வந்த நாள்ல இருந்து பாக்கறேன், அந்த மூஞ்சி இந்த வராந்தாப் பக்கம் வந்ததில்லை. ஆனா உள்ள ஒரு வரி எழுதியிருப்பாங்க பாருங்க, ஒவ்வொருத்தர் கழுத்துலயும் அவசர பெல், அமுக்குனா நர்ஸ் ஓடி வரும்னு. இருக்குதா? அது மட்டும் நெசம். ஏன் நெசம்னா, அது நான் வாங்கிக் குடுத்தது.

ஆமாங்க, நானுதான். ஆறுச்சாமின்னு பேரு. மேனேஜரைக் கேட்டீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாரு. அந்த ஆளுகிட்டப் பேச்சே குடுக்காதீங்கம்பாரு. சொல்லிட்டுப் போகட்டும். செஞ்சவனுக்குத்தானே ஏச்சும் பேச்சும். சும்மா படுத்துட்டுக் கெடக்கறவனை யாரு என்ன சொல்லப் போறாங்க?

நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ரூமைக் காட்டுவாங்க. நீங்க சன்னலைப் பாப்பீங்க, ஃபேனைப் பாப்பீங்க, பாத்ரூம்ல டைல்ஸ் பாப்பீங்க. எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. நீங்க அதைப் பாக்காதீங்க. கட்டல்ல ஏறிப் படுங்க. கூச்சப்படாதீங்க, படுங்க. படுத்துட்டு, எந்திரிக்காம, கையை மட்டும் நீட்டுங்க. பெல் கைக்கு எட்டுதா? எட்டுச்சுன்னா அம்மாவைச் சேருங்க. எட்டலைன்னா ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க. இதை இந்த ஊருல வேற எவனும் உங்களுக்குச் சொல்லமாட்டான்.

நான் வந்த புதுசுல பெல்லு சுவத்துலதான் இருந்துச்சு. தலைமாட்டுல இருந்து ஒரு ஒயரு தொங்கும், முனையில பட்டன். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனா காலைல கூட்டறம்மா வந்து மாப்பு போடும். ஒயரு ஈரத்துல படக்கூடாதுன்னு எடுத்து சன்னல் கம்பியில சுத்திட்டு மாப்பு போடும். போட்டு முடிச்சா பக்கெட்டைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிரும். சுத்துன ஒயரு சுத்துனபடியே இருக்கும். படுத்திருக்கறவங்க அண்ணாந்து அதைப் பாத்துட்டே கெடக்கோணும். அந்தம்மாளைக் கேட்டேன், ஏம்மா, அவுத்து உட்டுட்டுப் போகக்கூடாதான்னு. "காயட்டும்னு உட்டனுங்கய்யா"ங்குது. என்ன காயட்டும்? தரையா? ஆளா?

இன்னொரு ரூம்ல ஒரு அம்மா அடிக்கடி அமுக்குதுன்னு பட்டன் மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டி வெச்சிருந்தாங்க. காயத்துக்குப் போடற பிளாஸ்திரிங்க! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நர்ஸுகளை ஏம்மா இப்பிடின்னு கேட்டா, "அது சும்மா சும்மா அமுக்குதுங்க"ங்கறாங்க. சும்மா சும்மா அமுக்கறதுக்குத்தான் பெல்லு! பயமா இருந்தாக் கூப்புடக்கூடாதா? ஒரு வாய் தண்ணி வேணும்னு கூப்புடக்கூடாதா? மூச்சு நிக்கறப்ப மட்டுந்தான் அமுக்கோணும்னா, மூச்சு நிக்கறப்ப எவனுக்குங்க கை வரும்? தப்பா சொல்றனா? நீங்களே சொல்லுங்க.

நான் மில்லுல நூல் நூக்கற ரிங் பிரேம் டிப்பார்ட்மெண்டுல மேஸ்திரியா இருந்தவன். சங்கத்துலயும் இருந்தேன். நமக்கு இதெல்லாம் பாத்துட்டு வாயை மூடிட்டு இருக்க வராது. ஒரு நாள் காலைல டைனிங் ஹால்ல தட்டைக் கவுத்து வெச்சுட்டு உக்காந்துட்டேன். படுத்திருக்கறவங்க கைக்கு எட்டற பெல்லு வர்ற வரைக்கும் ஒரு வாய் சோறு உள்ள போகாதுன்னு சொல்லிட்டேன். மொதல்ல சிரிச்சாங்க. மேனேஜரு வந்து, "ஏனுங்கய்யா, இட்லி புடிக்கலையா"ன்னு கேட்டுட்டுப் போறாரு. கொழுப்பைப் பாருங்க.

அப்பறந்தான் சென்னியப்பண்ணன் வந்தாரு. என்ற பக்கத்து ரூம். சூலூர்ல சைக்கிள் கடை வெச்சிருந்தவரு. வாதம் வந்து வலது காலு இழுக்கும். கொரலும் அதோட இறங்கிப்போச்சு, கிட்டப் போயிக் காதைக் குடுத்தாத்தான் என்ன சொல்றாருன்னு தெரியும். அவரு காலை இழுத்துட்டு வந்து, அவரு தட்டையும் எடுத்துக் கவுத்துட்டு, என்ற பக்கத்துல உக்காந்தாரு. நான் சொன்னேன், அண்ணா, நீங்க சக்கரைக்கு மாத்தரை போடறவரு, பட்டினி ஆகாதுன்னு. கேக்கலை. மத்தியானம் அவருக்கு வேர்த்து ஊத்தி, கண்ணு சொருகி, அப்பிடியே என்ற தோள்ல சாஞ்சிட்டாரு. நர்ஸ் ஓடி வந்து சக்கரைத் தண்ணி ஊத்துச்சு. மேனேஜரு நடுங்கிட்டாரு. அங்கயே, நின்ன எடத்துலயே, புது பெல்லு வாங்கறோம்னு ஒத்துக்கிட்டாரு. பாத்தீங்களா? சங்கத்துல பழகுன ஆளு உக்காந்தா அப்பிடித்தான் வேலை நடக்கும்.

வந்துச்சுங்க புது பெல்லு. கழுத்துல மாட்டறது. ஒரு கயிறு, நடுவுல வெள்ளையா பிஸ்கட்டாட்ட ஒரு பட்டன். அமுக்குனா ஆபீஸ்ல சத்தம் வரும், எந்த ரூம்னு லைட் எரியும். ஒயரே கெடையாது, அப்பறம் எதைச் சன்னல்ல சுத்தறது? தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அத்தனை பேரு கழுத்துலயும் நானே என்ற கையால மாட்டி உட்டேன். மாட்டி உட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். குளிக்கறப்பக்கூடக் கழட்டாதீங்க. நாம உழுகறது எல்லாம் பாத்ரூம்லதான். கட்டல்ல இருக்கறப்பக் கழட்டுனாலும் கழட்டுங்க, பாத்ரூம் போறப்பக் கழட்டாதீங்கன்னேன். தெனமும் காலைல ஒரு சுத்து வருவேன், ஒவ்வொருத்தர் கழுத்தா எட்டிப் பாப்பேன். எவனாச்சும் ஆணியில மாட்டி வெச்சிருந்தான்னா நல்லா வாங்கிக் கட்டிக்குவான் என்கிட்ட.

சென்னியப்பண்ணன்கிட்ட மட்டும் சத்தியமே வாங்கிட்டேன். என்ற கையில அடிச்சு, "ஆறுச்சாமி, உன் மேல ஆணையாக் கழட்டமாட்டேன்"ன்னு சொன்னாரு. சொன்னபடி இருந்தாருங்க. தோள்ல துண்டு இல்லாமப் பாத்திருக்கேன், கழுத்துல பெல்லு இல்லாமப் பாத்ததில்லை. அந்த அளவுக்கு என்ற பேச்சுக்கு மரியாதை.

இப்ப எதுக்கு இத்தனையும் சொல்றேன்னா, நாளன்னிக்கு ஆயுத பூஜைங்க. இந்த வருசம் இங்க பூஜை கெடையாதுன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க. அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்துல. படிச்சுப் பாருங்க. சாமி படத்துக்கு விளக்கு மட்டும் வைக்கலாமாம், வேற எதையும் தொடக்கூடாதாம். எனக்குப் பத்திக்கிட்டு வருது. வருசம் பூரா அந்த மெசினையெல்லாம் வேலை வாங்கறீங்களே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அதுக்கு ஒரு பொட்டு வைக்க வலிக்குதா? கேட்டா, போன வருசம் நடந்தது போதும்கறாங்க. போன வருசம் என்ன நடந்துச்சு? நான் சொல்றேன். நீங்களே நாயம் சொல்லுங்க.

மில்லுல ஆயுத பூஜை பாத்திருக்கீங்களா? அதை வெறும் நோம்பி, பண்டிகைன்னு சொல்லக்கூடாது, அது ஒரு பக்திங்க. மொத நாளே மெசினை நிறுத்திப் பஞ்செல்லாம் ஊதித் தள்ளி, எண்ணெயைத் தொடைச்சு, வாழைக்கன்னு கட்டி, ஒரு மெசின் விடாமச் சந்தனம் வெச்சு, பூசணிக்கா ஒடைச்சு, பொரியைப் படைச்சா, அப்பறம் அடுத்த நாளு மறுபூஜை ஆகற வரைக்கும் ஒருத்தன் சுவிட்ச்சுல கை வைக்கமாட்டான். மொதலாளியே வந்தாலும் வைக்கமாட்டான். விஜயதசமி காலைல எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சூடம் காட்டி, அதுக்கப்பறந்தான் மெசின் ஓடும். ஒரு வருசம் புதுசா வந்த சூப்பர்வைசர் ஒருத்தன் அன்னிக்கு ராத்திரியே பூஜையில வெச்ச ஸ்பேனரை எடுத்துட்டான். அந்த மாசமே அவன் வெரலு போச்சு. கண்ணால பாத்தவன் நான்.

போன வருசம் மேனேஜரு லீவு. மாமனார் ஊட்டுக்குப் போயிட்டாரு. நர்ஸுல ஜெசிந்தாப் பொண்ணு மட்டும் இருந்துச்சு. நல்ல பொண்ணு, ஆனா தைரியம் பத்தாது. நான் பூஜையைக் கையில எடுத்துக்கிட்டேன். என்ன இருக்குது இங்க ஆயுதம்? பீபி பாக்கற மெசினு, வீல்சேரு, சமையக்கட்டுல கிரைண்டரு, ஆம்புலன்ஸ் வண்டி. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். வெச்சு முடிச்சுட்டு நிக்கறேன், மனசு நெறையலை. என்னடா விட்டுப்போச்சுன்னு பாத்தா, பெல்லு! நம்ம உசிரைக் காப்பாத்தறது எது? அந்தப் பெல்லுதானுங்களே? அதை விட்டுட்டு கிரைண்டருக்குப் பொட்டு வெச்சா சாமி சிரிக்காதா?

தாம்பாளத்தை எடுத்துட்டு ரூம் ரூமாப் போனேன். எல்லாரும் சந்தோசமாக் கழட்டிக் குடுத்தாங்க. ஒரு அம்மா கண்ணுல ஒத்திக் குடுத்துச்சு. சென்னியப்பண்ணன் மட்டும் குடுக்கமாட்டீங்கறாரு. கட்டல்ல உக்காந்துட்டுப் பெல்லைக் கையில பொத்திக்கிட்டாரு. "ஆறுச்சாமி, எனக்குக் காலைல இருந்து வயிறு சரியில்லப்பா. போறதும் வர்றதுமா இருக்கேன். என்றத மட்டும் விட்டுரு"ங்கறாரு.

"அண்ணா, எல்லாரும் குடுத்துட்டாங்க, உங்களோடது மட்டும் இல்லைன்னா எப்பிடீங்ணா?"ன்னேன்.

"நீதானப்பா கழட்டாதேன்னு சத்தியம் வாங்குன."

"வாங்குனவனே வந்து கேக்கறேன். சாமி காரியமுங்ணா. குடுங்ணா."

மில்லுல ஒரு மெசினுக்குப் பொட்டு விட்டுப்போச்சுன்னா, அந்த வருசம் அந்த மெசின்லதான் எவனாச்சும் மாட்டுவான். அது என்ற மனசுல இருக்குது. அவரோட பெல்லு மட்டும் பொட்டில்லாம இருந்து, அவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? அவரு நல்லதுக்குத்தானுங்க கேட்டேன். அப்பறம் அவரு தலையைக் குனிஞ்சாரு. நான் கழட்டிக்கிட்டேன். இப்ப அதை ஒரு பெரிய குத்தமாச் சொல்றாங்க, ஆறுச்சாமிதான் கழட்டுனான், ஆறுச்சாமிதான் கழட்டுனான்னு. யாரு கழட்டுனா என்னங்க? நான் கழட்டலைன்னா சித்த நேரத்துல அவரே கழட்டிக் குடுத்திருப்பாரு.

பூஜை எப்பிடி இருந்துச்சுங்கறீங்க! இருங்க, போன்ல இருக்குது, காட்டறேன். இதோ. பாருங்க, வெள்ளைத் துணி விரிச்சு, வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணுலயும் நட்ட நடுவுல, அமுக்கற எடத்துலயே, சந்தனம், அதுமேல குங்குமம். நம்மளையே பாக்கற மாதிரி இல்லீங்களா? இந்தக் கடேசியில இருக்குது பாருங்க, கயிறு கொஞ்சம் அழுக்கா. அதுதான் அண்ணனோடது. எந்நேரமும் மாட்டியிருந்தா அழுக்காகாம என்ன செய்யும்?

சூடம் காட்டி, பொரி சுண்டல் எல்லாருக்கும் குடுத்து, ஹால்ல டிவியில சிறப்பு நிகழ்ச்சி போட்டாங்க. நம்மாளுகளுக்குக் காது மந்தம், சத்தத்தை நல்லா வெச்சாத்தான் கேக்கும். பட்டிமன்றம் ஓடுது. எல்லாரும் சிரிச்சிட்டு இருக்கோம். அப்ப எங்கயோ டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். விட்டு விட்டுக் கேக்குது. பக்கத்துல இருந்தவரு என்னங்க அதுன்னாரு. எவனோ தேங்கா ஒடைக்கறான்னேன். ஆயுத பூஜையன்னிக்கு வேற என்ன சத்தமுங்க கேக்கும்? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

காப்பி நேரத்துக்கு ஜெசிந்தாப் பொண்ணு வந்துச்சு. "அய்யா, பூஜைதான் முடிஞ்சுதே, பெல்லெல்லாம் எடுத்துக் குடுத்துறட்டுமா?"ன்னு கேட்டுச்சு. மறுபூஜை ஆகாமக் கை வைக்கப்படாது கண்ணுன்னேன். "அதுவரைக்கும் இவங்களுக்கு எதாச்சும் ஒண்ணுன்னாங்கய்யா?"ங்குது. அதான் எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கமே, என்ன ஒண்ணு வந்துரும்னேன். போகப் போனது திரும்பி வந்து, "சென்னியப்பய்யா ஹாலுக்கு வரலையே, ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா"ன்னு கேட்டுச்சு. வயித்துக்குச் சொகமில்லாம இப்பத்தான் கண்ணசந்திருப்பாரு, எழுப்பாதேன்னேன். தூங்கறவரை எழுப்புனா நல்லாவா இருக்கும்?

விளக்கு வைக்கற நேரத்துக்கு மாத்தரை குடுக்கப் போன பொண்ணு போட்டுச்சு பாருங்க ஒரு கூப்பாடு.

பாத்ரூம்லதாங்க கெடந்தாரு. மத்தியானமே உழுந்திருக்காரு. கதவு உள்பக்கமாத் தொறக்கற கதவு, அதுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. டிரைவரு வந்து கதவைக் கழட்டித்தான் வெளிய எடுத்தாங்க. கையில பாத்ரூம் மக்கு, ஒடைஞ்சு சில்லுச் சில்லா இருந்துச்சு. அதை வெச்சுத்தான் கதவுல தட்டிட்டே இருந்திருக்காரு. ஒதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. ஒரு பக்கெட்டுத் தண்ணி பக்கத்துலயே இருந்துச்சுங்க, எட்டலை. தூக்கறப்ப அவரோட இன்னொரு கை இருக்குதே, அது கழுத்தையே தடவிட்டு இருந்துச்சு. தடவறாரு, தடவறாரு, விடாமத் தடவறாரு. கழுத்துலயும் அடி பட்டிருக்கும்போல. டாக்டருகிட்டச் சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். இடுப்பெலும்பு போச்சு.

ஆம்புலன்ஸ் போனதும் அந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு தெரியுங்களா? செருப்புக் காலோட, செருப்புக் காலோடங்க, பூஜைக்கு வெச்ச எடத்துக்கு நேரா வந்து, தாம்பாளத்தோட பெல்லை அள்ளிட்டுப் போயி எல்லாரு கழுத்துலயும் மாட்டிருச்சு. மறுபூஜை இல்லை, சூடம் இல்லை, ஒண்ணுமில்லை. அழுதுட்டே மாட்டுது. எனக்கு மாட்டறப்ப மூஞ்சியைக்கூடப் பாக்கலை. வேற ஒருத்தனா இருந்தா அங்கயே சத்தம் போட்டிருப்பான். சின்னப் பொண்ணு, அதுவும் மதம் வேற, அதுக்கு என்ன தெரியும்னு பெருந்தன்மையா விட்டுட்டேன்.

அப்பறம் ஆரம்பிச்சாங்க. அண்ணன் பொண்ணு பூங்கொடின்னு ஒண்ணு, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. வந்து வராந்தாவுல நின்னுட்டு என்னைய என்ன பேச்சுப் பேசுச்சு! அப்பனை எத்தனை தடவை வந்து பாத்தவ அவ? மேனேஜரு வந்து, "உங்களை யாருங்க பெல்லைக் கழட்டச் சொன்னது"ன்னு கேக்கறாரு. நான் கேட்டேன், நீங்க ஏங்க வேற பெல்லு கையிருப்பு வெச்சுக்கலைன்னு. ஒருத்தருக்கு ஒண்ணுன்னு கணக்காவா வாங்குவாங்க? பூஜைக்கு ஒண்ணு, கழுத்துக்கு ஒண்ணு வேண்டாமா? பாத்ரூம் கதவை எவன் உள்பக்கமாத் தொறக்கற மாதிரி வெச்சவன்? டிவியில அவ்வளவு சத்தம் வைக்க உட்டது யாரு? அந்த ஜெசிந்தாப் பொண்ணுதான் ஆகட்டும், டூட்டியில இருக்கற நர்ஸு, ஒரு கெழவன் வேண்டாம்னு சொன்னா கேட்டுக்கறதா? மீறிப் போயிப் பாத்திருக்கோணுமா இல்லையா? அண்ணன்தான் ஆகட்டும், மக்கை வெச்சுத் தட்டறதுக்குப் பதிலா ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லைங்க? இத்தனை பேரு பண்ணுன தப்பை எல்லாம் மூட்டை கட்டி என்ற ஒருத்தன் தலையில வெக்கறாங்க. வயிறு எரியுதுங்க தம்பி. பெல்லுக்காகப் பட்டினி கெடந்தவன் நான். என்னைப் போயி, பெல்லைப் புடுங்குனவன்னு சொன்னா எரியாதா?

அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாரு. படுத்த படுக்கைதான், இனி நடக்கமாட்டாரு. தெனமும் சாயங்காலம் பொழுதோட போயிப் பாக்கறேன். ஆனா என்கிட்டப் பேச்சு வர்றதில்லை. தலையில அடி பட்டிருக்குதுங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்க, அதெல்லாம் இவங்க எடுக்கற ஸ்கேன்ல எங்க தெரியும்? மத்தவங்ககிட்டப் பேசறாரு. ஜெசிந்தாகிட்டப் பேசறாரு. கூட்டறம்மாகிட்டக்கூட ரெண்டு வார்த்தை பேசறாரு. என்கிட்டத்தான் வர்றதில்லை. சில பேருக்கு அப்பிடித்தானாம், ரொம்ப நெருங்குன ஆளைத்தான் மொதல்ல மறக்குமாம்.

ஆனா பாசம் போகலைங்க. அதைச் சொல்லோணும். நான் உள்ள போயி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்த உடனே, கை கழுத்துக்குப் போயிரும். பெல்லை அமுக்குவாரு. ஜெசிந்தா ஓடி வரும். வந்து அவரு மூஞ்சியைப் பாக்கும், என்ற மூஞ்சியைப் பாக்கும், அப்பறம், "வாங்கய்யா, ஹால்ல போயி டீ குடிக்கலாம்"னு என்ற கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துரும். பாருங்க, வாயில பேச்சு வரலைன்னாலும் எனக்கு ஒரு டீ சொல்லோணும்னு அவருக்குத் தோணுது. ஒரு நாளு தவறுனதில்லை. நான் வாசல்ல தலையைக் காட்டுனாலே இப்பெல்லாம் அமுக்கிர்றாரு.

நேத்துதான் கொஞ்சம் ரசாபாசமாயிருச்சு. ஹால்ல பூஜை இல்லைன்னுட்டாங்களே, அண்ணனோட பெல்லுக்காச்சும் ஒரு பொட்டு வெச்சுருவோம்னு சந்தனத்தைக் கொழச்சு ஒரு கிண்ணத்துல எடுத்துட்டுப் போனேன். போன தடவை மறுபூஜை வேற நடக்காமயே போச்சு, அந்தக் கொறை என்ற மனசுல இருக்குது. "கழட்டவே வேண்டாமுங்ணா, கழுத்துலயே இருக்கட்டும், ஒரே ஒரு பொட்டு"ன்னு சொல்லிட்டுக் கையைக் கிட்டக் கொண்டு போனேன். அமுக்குனாரு பாருங்க! விடவே இல்லை. ரெண்டு கையிலயும் பொத்திப் புடிச்சு அமுக்கறாரு, கண்ணு என்னையே பாக்குது, ஒடம்பே கட்டலோட சேந்து ஆடுது. கண்ணுல தண்ணி வழியுது. நானும் அழுதுட்டனுங்க. பழசெல்லாம் நெனப்பு வந்துருச்சுபோல.

அதுக்குப் போயி மேனேஜரு, இனி அந்த ரூம் வாசப்படியை மிதிக்கக்கூடாதுங்கறாரு. என்ற பையனுக்குப் போனைப் போட்டு, உங்கப்பாவை வேற ஹோம் பாத்துச் சேத்துக்கங்கன்னு சொல்லிட்டாராம். எந்த ஹோமுக்குப் போறது நான்? அங்க போயி மறுபடியும் மொதல்ல இருந்து பெல்லுக்குச் சண்டை போடோணும். போட்டுட்டுப் போறேன், எனக்கென்ன. ஆனா அண்ணனை விட்டுட்டு எப்பிடிப் போறது? பொழுதோட அவருக்குப் பக்கத்துல உக்கார ஆளு வேண்டாமா?

அதோ, வர்றாரு பாருங்க, ஏப்பம் விட்டுட்டு. எந்திரிங்க. அவரு ரூமைக் காட்டுவாரு, நான் சொன்னதை மறந்துறாதீங்க. கட்டல்ல ஏறிப் படுத்துக் கையை நீட்டிப் பாருங்க.

ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. நேத்து அண்ணன் அமுக்குனாருல்ல, ஆளு எப்பிடி வந்துச்சுங்கறீங்க! ஜெசிந்தா வருது, டிரைவரு வர்றான், சமையக்கட்டுல இருந்து கரண்டியோட ஒருத்தரு வர்றாரு, கூட்டறம்மா மாப்பைக் கீழ போட்டுட்டு ஓடியாருது. மேனேஜரே ஓடி வந்தாருங்க, செருப்புக்கூட இல்லாம. என்னையப் புடிச்சு இழுத்து வெளிய கொண்டாந்து விட்டுட்டுத்தான் மூச்சு வாங்குனாங்க. பெல்லு கழுத்துல இருக்குது, கைக்கு எட்டுது, அமுக்குனா ஆளு வருது. இதைத்தானுங்க நான் கேட்டேன். தட்டைக் கவுத்து வெச்சுட்டு உக்காந்தது இதுக்குத்தான். இல்லைன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம்.